எள்நெய்யும் எரிநெய்யும்

தமிழில் ‘எண்ணெய்’ என்னும் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. எள்ளிலிருந்து பெறப்பட்ட நெய் எள்நெய். அதுவே புணர்ந்து எண்ணெய் ஆயிற்று. ஒரு சிறு விதையின் பெயரைச் சுமந்த அச்சொல், காலப்போக்கில் கடலை, தேங்காய், ஆமணக்கு, வேம்பு என எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுப்பெயராக விரிந்தது. பின்னர், நிலத்தடியிலிருந்து எடுக்கப்பட்ட கரிய திரவத்தினின்றும் விளக்கெரிக்கும் பொருள் பிரிக்கப்பட்டு நம் ஊர்களுக்கு வந்தபோது, தமிழர் அதற்குப் புதுப்பெயர் தேடி அலையவில்லை. மண்ணிலிருந்து வந்தமையால் மண்ணெண்ணெய் என்றனர். விதை தன் பெயரை மண்ணுக்குக் கடனாகக் கொடுத்தது.

இன்று அக்கடன் வேறு வடிவில் திரும்பி வருகின்றது. மண்ணுக்குள் கிடக்கும் எண்ணெய் ஒருநாள் தீரும் என்ற அச்சமும், அதை எரிப்பதனால் புவி வெப்பம் அடைகிறது என்ற உண்மையும் உலகை மீண்டும் விதையை நோக்கித் திருப்பியுள்ளன. வண்டிக்கும் வானூர்திக்கும் வேண்டிய எரிபொருளை வயலிலேயே விளைவிக்கலாம் என்கின்றனர் பலர். அதற்கென அவர்கள் முன்னிறுத்துவன குளிர்காலத்தில் வளரும் எண்ணெய் வித்துப் பயிர்கள். இம்முயற்சி வரவேற்கத்தக்கதா, அன்றி அஞ்சத்தக்கதா? அடுப்பங்கரையில் இருக்கும் எண்ணெய்ப் புட்டிக்கும் சாலையில் ஓடும் வாகனத்திற்கும் இடையே எழுந்துள்ள இவ்வழக்கில் நாம் எப்பக்கம் நிற்பது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய கனவு

விதை எண்ணெயால் எந்திரத்தை ஓட்டுவது நேற்று முளைத்த எண்ணமன்று. 1900ஆம் ஆண்டு பாரிசு மாநகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் ஒரு சிறு டீசல் எந்திரம் வேர்க்கடலை எண்ணெயால் இயக்கிக் காட்டப்பட்டது. அவ்வெந்திர வகையை உருவாக்கிய ருடால்ஃப் டீசலே பிற்காலத்தில், 1912ஆம் ஆண்டில், இச்செய்தியை நினைவுகூர்ந்துள்ளார். ஆயினும் விதை எண்ணெய் பிசுபிசுப்பு மிக்கது. நாளடைவில் எந்திரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடும். இக்குறையைப் போக்கும் வழி 1937ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில் காப்புரிமையாகப் பதிவாயிற்று. எண்ணெயை ஆல்ககாலுடன் வினைபுரியச் செய்து இளக்குவதே அவ்வழி.

இன்றைய முறையும் அடிப்படையில் அதுவே. 100 கிலோ எண்ணெயுடன் ஏறத்தாழ 10 கிலோ மெத்தனாலைக் கலந்து, எரிசோடா போன்றதொரு காரத்தை வினையூக்கியாக இட்டால், கனமான கிளிசரின் கீழே தங்கும். மேலே தெளிந்து நிற்பது உயிரி டீசல் எனப்படும். எண்ணெயை ஹைட்ரஜனுடன் வினைபுரியச் செய்து, பெட்ரோலியத்திலிருந்து பெறும் எரிபொருளுக்கு முற்றும் இணையான திரவமாக மாற்றும் மற்றொரு முறையும் உண்டு. வானூர்திகளுக்கு இம்முறையே ஏற்றது. ஆகவே, விதையை எரிபொருளாக்க முடியுமா என்பது இன்று வினாவே அன்று. எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில், யாருடைய பங்கை எடுத்து என்பனவே வினாக்கள்.

பனியில் வாழும் பயிர்

வெப்ப நாட்டில் வாழும் நமக்குக் ‘குளிர்காலப் பயிர்’ என்பதன் முழுப்பொருள் எளிதில் விளங்காது. வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் நிலம் உறைந்து போகும். அங்கே கோடை கழியும் வேளையில் சில பயிர்களை விதைத்து விடுவர். அவை முளைத்து, நிலத்தோடு ஒட்டிய இலைக்கொத்தாகப் படர்ந்து, பனிக்கடியில் உறங்குவதுபோல் கிடக்கும். வேனிலின் முதல் வெயில் பட்டதும் தண்டு விட்டெழுந்து பூக்கும். இதில் ஒரு வியப்பு உண்டு. அக்குளிரைப் பல வாரங்கள் தாங்கிய பின்னரே அவற்றிற்குப் பூக்கும் தகுதி வாய்க்கிறது. குளிர் அவற்றுக்குத் தண்டனையன்று. பூப்பதற்கான அனுமதிச் சீட்டு.

இவ்வகையில் முதன்மையானது ‘ரேப்’ எனப்படும் கடுகினப் பயிர். ஜெர்மனி, பிரான்சு, போலந்து, இங்கிலாந்து முதலிய நாடுகளில் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் விதைத்து, அடுத்த ஆண்டு ஜூலையில் அறுப்பர். விதையில் 40 விழுக்காட்டிற்கு மேல் எண்ணெய் உண்டு. முற்காலத்தில் இவ்வெண்ணெயில் எருசிக் அமிலம் மிகுந்திருந்தமையால் உணவுக்குச் சிறந்ததாகக் கருதப்படவில்லை. கனடா நாட்டின் பால்டர் ஸ்டெஃபான்சன், கீத் டௌனி ஆகிய அறிஞர்களின் உழைப்பால் அக்குறை நீங்கிய வகைகள் 1970களில் பயன்பாட்டிற்கு வந்தன. கனோலா என இன்று கடைகளில் விற்கப்படுவது அவ்வகை வித்துகளின் எண்ணெயே. கவனிக்க வேண்டிய செய்தி இது: அறிவியல் அரும்பாடுபட்டு உண்ணத் தகுந்ததாக்கிய ஓர் எண்ணெயையே, அதன்பின் உலகம் எரிக்கத் தொடங்கிற்று.

ஐரோப்பா கற்பிக்கும் பாடம்

ஐரோப்பா எரிபொருள் பயிரிடத் தொடங்கிய கதையை அறிந்தால், நல்ல நோக்கம் எங்ஙனம் வழி மாறுகிறது என்பது விளங்கும். 1990களின் தொடக்கத்தில் அங்குத் தானியம் தேவைக்கு மிஞ்சிக் குவிந்து கிடந்தது. விளைச்சலைக் குறைக்க வேண்டி, 1992ஆம் ஆண்டின் வேளாண் சீர்திருத்தத்தின்படி உழவர் தம் நிலத்தில் ஒரு பகுதியைத் தரிசாக விட வேண்டும் என விதித்தனர். அத்தரிசு நிலத்தில் உணவுக்கல்லாத பயிர்களை மட்டும் விளைவிக்கலாம் என்று ஒரு சலுகையும் தந்தனர். உழவர் ரேப் விதைத்தனர், அது எரிபொருளாயிற்று. இதில் எவர் வாயிலிருந்தும் எதுவும் பறிக்கப்படவில்லை. வெறுமனே கிடக்க வேண்டிய நிலம் பயன் தந்தது. இத்தொடக்கத்தை எவரும் குறை கூற இயலாது.

பிழை அதன் பின்னரே நேர்ந்தது. 2003ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம், 2010க்குள் போக்குவரத்து எரிபொருளில் 5.75 விழுக்காடு உயிரி எரிபொருளாக இருக்க வேண்டும் என இலக்கு வகுத்தது. 2009ஆம் ஆண்டில், 2020க்குள் போக்குவரத்தில் 10 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என அதை உயர்த்திற்று. இதற்கிடையே 2008ஆம் ஆண்டில் கட்டாயத் தரிசு முறையே நீக்கப்பட்டுவிட்டது. எந்த வெற்று நிலத்திற்காக இத்திட்டம் தொடங்கிற்றோ அந்நிலம் போய்விட்டது. இலக்கு மட்டும் நின்றுவிட்டது. தேரை இழுக்க வந்தவர் கலைந்த பின்னும் தேர் உருண்டுகொண்டேயிருந்தது எனலாம்.

2007, 2008ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் உணவு விலை ஏறியபோது இதன் விளைவு வெளிப்பட்டது. உணவு உரிமைக்கான ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு அறிக்கையாளராக இருந்த ஜான் சீக்ளர், உணவுப் பயிரை எரிபொருளாக்குவது மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றே 2007ஆம் ஆண்டில் கடிந்துரைத்தார். ஒரு நாட்டில் உணவு எண்ணெய் தொட்டிக்குள் போனால், அக்குறையை நிரப்ப வேறொரு நாட்டில் காடு அழிக்கப்படும் என்ற உண்மையை 2008ஆம் ஆண்டில் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். இறுதியில் 2015ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியமே உணவுப் பயிரிலிருந்து வரும் எரிபொருளுக்கு 7 விழுக்காடு என உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று.

பசுமையின் பெயரால் செய்யப்படுவது பசுமையாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையையும் அறிவியல் அசைத்தது. ஐரோப்பாவில் ஒரு ஹெக்டேர் ரேப் பயிருக்கு 150 முதல் 200 கிலோ வரை தழைச்சத்து இடுவது வழக்கம். அதில் ஒரு சிறு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவாக மாறி வானில் கலக்கும். அவ்வாயு கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பம் கூட்டவல்லது. நோபல் பரிசு பெற்ற வேதியியல் அறிஞர் பால் குருட்சன், இவ்வாயுவையும் கணக்கில் சேர்த்தால் ரேப் எரிபொருளால் கிடைக்கும் நன்மை முழுதும் கரைந்து போகக்கூடும் என்று கூறினார். அவர் கணக்கை மறுத்தவர்களும் உண்டு. எனினும் ‘செடி உறிஞ்சிய கரியே மீண்டும் வெளிவருகிறது, ஆதலால் தீங்கில்லை’ என்ற எளிய வாதம் அதன்பின் எடுபடவில்லை.

ஓர் எளிய கணக்கு

மாணவச் செல்வங்களே! பெரிய பெரிய அறிக்கைகளை ஒதுக்கிவிட்டு, ஒரு தாளும் பேனாவும் எடுத்து நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஹெக்டேரில், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கரில், 3 டன் ரேப் விதை விளைவதாகக் கொள்வோம். ஐரோப்பாவில் இது இயல்பான விளைச்சலே. 42 விழுக்காடு எண்ணெய் எனில், 1,260 கிலோ எண்ணெய் கிடைக்கும். அதிலிருந்து ஏறத்தாழ 1,400 லிட்டர் உயிரி டீசல் பெறலாம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் ஒரு சரக்கு லாரி இதைக் கொண்டு 5,600 கிலோமீட்டர் செல்லும். கன்னியாகுமரியிலிருந்து காசுமீரம் வரை நெடுஞ்சாலை வழியே செல்ல ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். ஆக, ஒரு ஹெக்டேர் நிலம் பதினோரு மாதம் பாடுபட்டு விளைவித்தது, ஒரு லாரி ஒருமுறை காசுமீரம் சென்று திரும்பக்கூடப் போதாது. பாதி வழியில் நின்றுவிடும்.

இனி அதே எண்ணெயை அடுக்களைக்கு அனுப்புவோம். நம் நாட்டில் ஒருவர் ஓராண்டில் உண்ணும் எண்ணெய் ஏறத்தாழ 20 கிலோ. எனவே அந்த 1,260 கிலோ அறுபதுக்கு மேற்பட்டோரின் ஓராண்டுச் சமையலுக்குப் போதுமானது. ஒரு பக்கம் ஒரு லாரியின் முற்றுப்பெறாத பயணம். மறுபக்கம் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் ஓராண்டுத் தாளிப்பு.

உலக அளவிலும் கணக்கு இவ்வாறே. 2019ஆம் ஆண்டில் உலக வானூர்திகள் எரித்த எரிபொருள் ஏறத்தாழ 30 கோடி டன். உலகம் ஓராண்டில் பிழியும் ரேப் எண்ணெய் ஏறத்தாழ 3 கோடி டன். எல்லா வகைத் தாவர எண்ணெயையும் கூட்டினாலும் 22 கோடி டன் அளவே. உலகத்து மாந்தர் அனைவரும் எண்ணெயின்றிச் சமைத்து, ஒரு துளி விடாமல் கொடுத்தாலும் வானூர்திகளின் பசி மட்டுமே தீராது. பின்னர்ச் சாலை வாகனங்களுக்கு எங்கே போவது?

இடைவெளியில் விளையும் பயிர்

அவ்வாறாயின் இம்முயற்சியையே கைவிட்டுவிடலாமா? அவ்வாறு கூறுவதும் முறையன்று. ‘குளிர்காலப் பயிர்’ என்ற ஒரே பெயருக்குள் இருவேறு பயிர்முறைகள் ஒளிந்திருப்பதை நாம் பிரித்தறிய வேண்டும். ஐரோப்பிய ரேப், பெயருக்குக் குளிர்காலப் பயிரே ஒழிய, பதினோரு மாதம் நிலத்தைப் பிடித்துக்கொள்கிறது. அது நிற்கும் வயலில் அவ்வாண்டு கோதுமை நிற்க இயலாது. மற்றொரு முறையோ, இரு உணவுப் பயிர்களுக்கு இடையே நிலம் வெறுமையாய்க் கிடக்கும் நாளில் மட்டும் வளர்ந்து, அடுத்த பயிருக்கு இடம் விட்டு விலகுவதாகும்.

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களை எடுத்துக்கொள்வோம். அங்கு ஓராண்டு மக்காச்சோளமும் மறு ஆண்டு சோயா மொச்சையும் மாறி மாறி விளைகின்றன. இலையுதிர் காலத்தில் மக்காச்சோளத்தை அறுத்தபின், வேனிலில் சோயா விதைக்கும் வரை ஏறத்தாழ ஏழு மாதம் நிலம் வெற்று நிலமாகக் கிடக்கும். பனி உருகும்போதும் வேனில் மழையின்போதும் மண்ணில் எஞ்சிய தழைச்சத்து கரைந்து, மிசிசிப்பி ஆற்றில் கலந்து, மெக்சிகோ வளைகுடாவைச் சென்றடைகிறது. அங்கே பாசி பெருகி, மடிந்து, அழுகி, நீரிலுள்ள உயிர்க்காற்றை உண்டுவிடுகிறது. அப்பகுதியில் மீனினம் வாழ இயலாது. 2017ஆம் ஆண்டில் இந்தச் ‘சாவு மண்டலம்’ 22,000 சதுரக் கிலோமீட்டருக்கு மேல் பரவியிருந்தது. வயலின் வெறுமை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள மீனவனின் வலையையும் வெறுமையாக்குகிறது.

இவ்விடைவெளியை நிரப்பவே பென்னிகிரஸ், கமெலினா ஆகிய கடுகுக் குடும்பச் செடிகளை அங்குள்ள பல்கலைக்கழகங்களும் அரசின் வேளாண் ஆய்வு நிலையங்களும் பண்படுத்தி வருகின்றன. பென்னிகிரஸ் நேற்றுவரை களையாக எண்ணப்பட்டது. கமெலினாவோ ஐரோப்பாவில் பண்டைக்காலத்திலேயே பயிரிடப்பட்டுப் பின்னர்க் கைவிடப்பட்டது. இலையுதிர் காலத்தில் விதைத்தால் இவை பனிக்கடியில் வேர்பிடித்து மண்ணரிப்பைத் தடுக்கும். எஞ்சிய தழைச்சத்தை உறிஞ்சிக் காக்கும். வேறு மலர்கள் மிகக் குறைந்த தொடக்க வேனிலில் பூத்துத் தேனீக்களுக்கு உணவளிக்கும். சோயாவுக்கு முன்னரோ அதனோடு இணைந்தோ அறுவடையாகும். மின்னசோட்டா மாநில ஆய்வாளர்கள் கமெலினா முற்றும் முன்பே அதன் வரிசைகளுக்கிடையே சோயாவை விதைக்கும் முறையையும் செய்து பார்த்துள்ளனர்.

தென்கிழக்கு மாநிலங்களில் இதே பணிக்கு எத்தியோப்பியக் கடுகு எனப்படும் காரினாட்டா சோதிக்கப்படுகிறது. பருத்தியும் வேர்க்கடலையும் எடுத்தபின் அங்கே வரும் குளிர் மென்மையானது. அதைத் தாங்கும் ஆற்றல் காரினாட்டாவுக்கு உண்டு. 2012ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆய்வு வானூர்தி ஒன்று முழுக்க முழுக்கக் காரினாட்டா எண்ணெயிலிருந்து பெற்ற எரிபொருளால் பறந்தது. 2018 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து மெல்போர்ன் சென்ற பயணிகள் வானூர்தி, பத்தில் ஒரு பங்கு இவ்வகை எரிபொருளைக் கலந்துகொண்டு பசிபிக் கடலைக் கடந்தது.

இம்முறையிலும் குறைகள் இல்லாமல் இல்லை. இடைப்பயிரின் விளைச்சல் சிறிது. பெரும்பாலும் ரேப் அளவுக்கு வாராது. கமெலினா தாமதித்து முற்றினால் சோயாவின் விளைச்சல் குறையும். காரினாட்டா கடுங்குளிரில் மடியும். ஆயினும் இதன் அடிப்படை அறம் தெளிவானது: பறித்துக்கொண்ட நிலத்தில் அன்று, வெறுமையாய்க் கிடந்த நிலத்தில் விளைந்தது இது.

எதிர்வாதத்திற்கு விடை

ரேப் பயிருக்காக வாதிடுவோரின் சொல்லையும் நாம் செவிமடுக்க வேண்டும். எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் புண்ணாக்கு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம் கொண்ட மாட்டுத்தீவனம் என்பர். அது உண்மை. கோதுமையையே ஆண்டுதோறும் விதைத்தால் வேர்நோய் பெருகும். இடையில் ஓராண்டு ரேப் விதைத்தால் நோய் தணிந்து, அடுத்த கோதுமை செழிக்கும் என்பர். அதுவும் உண்மை. உழவனுக்கு நிலையான விலை கிடைக்கிறது என்பர். அதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் இம்மூன்று நன்மைகளும் ரேப்பை விதைப்பதனால் வருவன. எண்ணெயை எரிப்பதனால் வருவன அல்ல. அவ்வெண்ணெயை உணவுக்கு விற்றாலும் புண்ணாக்கு மிஞ்சும். வயலின் நோய் தணியும். உழவனுக்கு விலையும் கிட்டும். ஆதலால் இவை எரிபொருள் இலக்குக்குச் சான்றாகமாட்டா.

2022ஆம் ஆண்டு இதற்குத் தக்க சான்றாயிற்று. பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபோது உலகச் சூரியகாந்தி எண்ணெய் வணிகம் நிலைகுலைந்தது. ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா தன் பாமாயில் ஏற்றுமதிக்குச் சில வாரங்கள் தடை விதித்தது. நம் நாட்டுச் சிற்றூர்களிலும் எண்ணெய் விலை ஏறிற்று. செல்வம் மிக்க ஜெர்மனியின் கடைகளில்கூட ஆளுக்கு இத்தனை புட்டிதான் என அளந்து விற்றனர். அதே நாள்களில், அதே நாட்டில், ரேப் எண்ணெய் வாகனத் தொட்டிகளுக்குள் போய்க்கொண்டுதான் இருந்தது. இலக்கு என்பது ஆண்டின் தொடக்கத்தில் தாளில் எழுதப்படுவது. பசி என்பது நாள்தோறும் வருவது. இரண்டும் மோதும்போது இலக்கு விலக வேண்டும் என்பதே நம் கருத்து.

நம் நாட்டுக்கு எது பொருந்தும்?

மேலைநாட்டார் செய்வதைக் கண்டு நாமும் செய்யத் துடிப்பது நம் இயல்பு. எனவே இவ்வினா நமக்கும் உரியது. இந்தியாவிலும் குளிர்கால எண்ணெய் வித்து உண்டு. இராசத்தான், உத்தரப் பிரதேசம், அரியானா முதலிய மாநிலங்களில் அக்டோபரில் விதைத்து, மார்ச்சு வாக்கில் அறுக்கப்படும் கடுகே அது. ஆனால் அங்கு அப்பருவத்தில் நிலம் வெறுமையாய் இல்லை. கோதுமையும் கொண்டைக்கடலையும் கடுகோடு இடத்துக்குப் போட்டியிடுகின்றன. உணவு எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு இது. நம் மாநில நியாயவிலைக் கடையில் மானிய விலையில் வழங்கப்படும் பாமாயிலுக்கும் நாம் பெரிதும் கடல் கடந்த நாடுகளையே நம்பியிருக்கிறோம். இந்நிலையில் கடுகெண்ணெயை எரிபொருளாக்குவது, கடன் வாங்கி உண்பவன் தன் வீட்டு நெல்லை அடுப்பில் இட்டு எரிப்பதற்கு ஒப்பாகும்.

‘தரிசு நிலத்தில் விளைவிக்கலாமே’ என்ற குரலும் இங்கு ஒருகாலத்தில் ஓங்கி ஒலித்தது. 2003ஆம் ஆண்டில் திட்டக்குழு வெளியிட்ட அறிக்கை காட்டாமணக்கை நம்பிக்கையோடு முன்வைத்தது. 2009ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை, 2017க்குள் 20 விழுக்காடு கலப்பு என்றது. தமிழகத்திலும் உழவர் பலர் காட்டாமணக்கு நட்டனர். நீரின்றி விளையும் என்று சொல்லப்பட்ட செடி, நீரின்றி உயிரோடு இருந்தது, ஆனால் காய்க்கவில்லை. சொல்லப்பட்ட விளைச்சலுக்கும் கண்ட விளைச்சலுக்கும் இடையே பெரும் பள்ளம் இருந்ததைத் தமிழக உழவரிடையே நடத்தப்பெற்று 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று எடுத்துரைத்தது. புண்ணாக்கோ நச்சுத்தன்மை உடையதாதலால் மாட்டுக்கும் ஆகவில்லை. 2017ஆம் ஆண்டு வந்தது. உயிரி டீசல் கலப்பு 1 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ‘தரிசு’ என்று அரசுப் பதிவேடு கூறும் நிலம், ஏழையின் ஆட்டுக்கு மேய்ச்சலாகவும் அடுப்புக்கு விறகாகவும் இருந்ததை அன்று பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

வெற்று நிலத்தின் இடைவெளியை நிரப்பும் கலை நம்மவர்க்குப் புதியதும் அன்று. காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாக, ஈரம் காயாத வயலில், நிற்கும் நெற்பயிருக்கிடையே உளுந்தையும் பாசிப்பயற்றையும் தூவுவது நெடுநாள் வழக்கம். நெல் அறுபட்டுப் போனதும் பயறு தலைதூக்கும். பனி ஈரத்திலும் மண்ணின் எஞ்சிய ஈரத்திலும் அது விளைந்துவிடும். நெல்லுக்குப்பின் எள் விதைக்கும் ஊர்களும் உண்டு. மின்னசோட்டாவின் ஆய்வு வயலில் இன்று சோதிக்கப்படும் தத்துவத்தை நம் உழவர் எழுத்தறியாக் காலத்திலிருந்தே கையாண்டு வந்துள்ளனர். ஆனால் அவ்விடைவெளியை அவர்கள் எரிபொருளுக்குக் கொடுக்கவில்லை; பருப்புக்கும் உணவெண்ணெய்க்கும் கொடுத்தனர். பற்றாக்குறை உள்ள நாட்டில் அதுவே முறை.

அவ்வாறாயின் எண்ணெய்வழி எரிபொருள் பெற நமக்கு வழியே இல்லையா? உண்டு. அவர்களுக்குக் குளிர்கால வயல் வெறுமையாய்க் கிடப்பதுபோல, நமக்கும் வீணாய்க் கிடக்கும் ஒன்று உண்டு. அது பொரித்து முடித்த எண்ணெய். உணவகங்களிலும், விடுதிச் சமையற்கூடங்களிலும், திருமண மண்டபங்களிலும் மீண்டும் மீண்டும் காய்ச்சிக் கறுத்த எண்ணெய் எவ்வளவு! அதில் தோன்றும் ‘முனைவுச் சேர்மங்கள்’ 25 விழுக்காட்டைத் தாண்டினால் மேலும் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அவ்வெண்ணெயைத் திரட்டி உயிரி டீசலாக்கும் திட்டத்தையும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம் அவ்வாண்டிலேயே தொடங்கிற்று. ஆயினும் கறுத்த எண்ணெயில் ஒரு பகுதி சாக்கடைக்கும், அதைவிடக் கொடுமையாக, குறைந்த விலையில் தெருவோரக் கடைச் சட்டிக்கும் இன்றும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதை எரிபொருளாக்குவதால் எவர் உணவும் குறையாது. ஏழையின் உடல்நலமும் காக்கப்படும்.

முடிவாக

மேலைநாட்டுக் குளிர்காலப் பயிர்களின் வரலாறு நமக்கு ஓர் உரைகல்லைத் தந்துள்ளது. ‘இது பசுமையானதா?’ என்று மட்டும் கேட்பது போதாது. ‘இது விளையாதிருந்தால் இந்நிலத்தில் இப்பருவத்தில் என்ன இருந்திருக்கும்?’ என்று கேட்க வேண்டும். ஒன்றுமே இருந்திருக்காது என்பது விடையானால், அவ்வெரிபொருளை வரவேற்போம். கோதுமை, உளுந்து, மேய்ச்சல், காடு என்பது விடையானால், எத்துணை அழகிய பெயரிட்டு வந்தாலும் அதை ஏற்க மறுப்போம். அவ்வாறு கிடைக்கும் சிறு அளவு எரிபொருளையும் மின்கலத்தால் ஓடக்கூடிய வாகனங்களுக்குச் செலவிடாது, வேறு வழி அரிதான வானூர்திகளுக்கும் கப்பல்களுக்கும் ஒதுக்குவதே அறிவுடைமை.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் அதிகாரிகளாகவும் ஆசிரியர்களாகவும் வணிகர்களாகவும் உழவர்களாகவும் விளங்குவீர்கள். உங்கள் மேசைக்குப் புதிய புதிய எரிபொருள் திட்டங்கள் வண்ண அட்டையோடு வரும். கையொப்பம் இடுமுன் இந்த ஒரு வினாவைக் கேளுங்கள். சமுதாயப் பெரியோர்களே! உங்கள் இல்லத் திருமணங்களில் விருந்து முடிந்தபின் எஞ்சும் எண்ணெய் எங்கே செல்கிறது என்று ஒருமுறை சமையற்காரரைக் கேளுங்கள். கல்லூரி விடுதிகளை நடத்தும் நிருவாகத்தாரும் அவ்வாறே கேட்கலாம். ஓர் ஒப்பந்தத்தாலும் ஒரு பீப்பாயாலும் தொடங்கக்கூடிய பணி இது.

எள்ளின் பெயரை மண்ணின் நெய்க்கும் ஈந்த மொழி நம் மொழி. அப்பெயரில் விளக்கும் எரிந்தது, வண்டியும் ஓடிற்று. ஆனால் எள் முதலில் விளைந்தது மனிதன் உண்பதற்காக. அம்முறை மாறாது காப்பதே நம் கடமையாகும்.